பெட்டிக்குள் செங்கல்

முதலில் ஒரு செங்கல் கதை.

1987-ம் வருஷக் கடைசி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லாங்மான்ட் என்று ஓர் ஊர். அங்கே மினிஸ்க்ரைப் என்ற கம்பெனி, கம்ப்யூட்டர்களுக்கு ஹார்ட் டிஸ்க் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் கம்பெனியின் சில அதிகாரிகள் ஒரு வாடகைக் கிடங்கில் கூடினார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஹார்ட் டிஸ்க் அனுப்பும் அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்து, மளமளவென்று நிரப்ப ஆரம்பித்தார்கள். உள்ளே போனது ஹார்ட் டிஸ்க் இல்லை. செங்கல்! வீடு கட்டுகிற அசல் செங்கல்!

எதற்கு இந்தக் கூத்து? கணக்குப் புத்தகத்தில் இருந்த சரக்கு, கிடங்கில் இல்லை. துண்டு விழுந்தது கொஞ்சநஞ்சமல்ல, சுமார் 1.5 கோடி டாலர். தணிக்கைக்காரர்கள் வந்து பெட்டிகளை எண்ணினால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் அல்லவா? எண்ணுகிறவர் பெட்டியைத்தான் எண்ணுவார், பிரித்தா பார்க்கப் போகிறார்?

1989-ல் குட்டு உடைந்தது. 1990-ம் வருஷம் பிறந்த கையோடு கம்பெனி திவால் மனு கொடுத்தது. தலைவர் மீது வழக்கு, தண்டனை. மிச்சம் மீதியை மாக்ஸ்டர் என்ற போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். ஹார்ட் டிஸ்க்கை? திறந்து பார்க்கவே கூடாது. திறந்தால் தூசி புகுந்து அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது! மூடிய பெட்டியை, மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி, காசு கொடுத்து வாங்கி வருகிறோம். நம் கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் முதல் நடை, ஆபீஸ் கணக்கு, பாதி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, மறைந்துபோன பாட்டியின் குரல்... அத்தனையையும் அதற்குள் போட்டுப் பூட்டுகிறோம்.

கடையில் இரண்டு டிஸ்க் எடுத்து வைக்கிறார். ஒன்று விலை கம்மி. இன்னொன்று கூட. 'இது சார் நல்ல மேக், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்' என்கிறார். கூடக் கொடுக்கும் பணத்துக்குக் கூட நம்பகம் கிடைக்கிறதா?

ஹார்ட் டிஸ்க்கின் சரித்திரமே கிட்டத்தட்ட இந்தக் கேள்வியின் சரித்திரம்தான். வாருங்கள், ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

* * *

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரம். அங்கே இருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் ரெனால்ட் ஜான்சன். பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு இயந்திரங்கள் பக்கம் வந்தவர். அவருடைய குழு 1956-ல் ஒரு பூதத்தைப் பெற்றெடுத்தது. பெயர் ராமாக். அதன் டிஸ்க் பகுதி மட்டும் இரண்டு ஃபிரிட்ஜைச் சேர்த்து வைத்த மாதிரி இருக்கும். எடை ஒரு டன்னுக்கு மேல். உள்ளே இரண்டடி அகலமுள்ள 50 தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நிமிஷத்துக்கு 1,200 சுற்று வேகத்தில் சுழலும்.

அந்தத் தட்டுகளுக்குக் காந்தப் பூச்சு பூசிய விதம் இருக்கிறதே... பெண்கள் அணியும் பட்டுக் காலுறையில் பூச்சை வடிகட்டி, காகிதக் கப்பில் எடுத்து, சுழலும் தட்டின் நடுவில் ஊற்றினார்கள். சுழலும் வேகத்தில் பூச்சு தானாக ஓரம் வரை பரவிக்கொண்டது. நம் வீட்டில் தோசைக்கல்லில் மாவைச் சுற்றுவோம். அவர்கள் கல்லையே சுற்றினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்!

இத்தனை பெரிய பூதத்தின் கொள்ளளவு? 50 லட்சம் எழுத்துகள். ஏறக்குறைய 4 மெகாபைட். உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரு நல்ல போட்டோவுக்கே பத்துமா என்பது சந்தேகம். விலை? இங்கேதான் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அதை விலைக்கு வாங்கவில்லை. வாடகைக்கு எடுத்தார்கள். முழு ராமாக் சிஸ்டத்துக்கு மாதம் 3,200 டாலர். முதன்முதலில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸெல்லர்பாக் என்கிற பேப்பர் கம்பெனிக்குப் போனது.

வாடகைப் பொருளில் ஒரு சௌகரியம் உண்டு. குழாய் ஒழுகினால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ராமாக் மக்கர் செய்தால் ஐ.பி.எம். ஆசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அது வாடகையில் அடக்கம். அதாவது, விலையும் நம்பகமும் ஒரே பில்லில் வந்தன. டிஸ்க் கெட்டால் ஐ.பி.எம்.முக்குத்தான் நஷ்டம். அதனால் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்கறையும் அவர்களுக்கே இருந்தது.

டிஸ்க் கெடுவது ஏன் இத்தனை சுலபம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் எழுதுவதும் படிப்பதும் 'ஹெட்' எனப்படும் சின்னஞ்சிறு முனை. அது தட்டைத் தொடக் கூடாது, விலகியும் போகக் கூடாது. ராமாக்கில் அந்த இடைவெளி சுமார் 20 மைக்ரான். உங்கள் தலைமுடியின் தடிமனில் கால் பங்கு. இன்றைய டிஸ்க்கிலோ அது முடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! அந்த இடுக்கில் தட்டின் வெளி ஓரம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பறக்கிறது. நடுவில் ஒரு தூசி வந்தால் அது பாறாங்கல். ஹெட் தட்டில் உரசினால், உரசிய இடத்தில் இருந்த எழுத்துகள் நிஜமாகவே சுரண்டப்பட்டுப் பொடியாகிவிடும்.

1973-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த 'வின்செஸ்டர்' டிஸ்க், தட்டையும் ஹெட்டையும் சேர்த்தே ஒரே பெட்டிக்குள் மூடிவிட்டது. 30 மெகாபைட், 30 மெகாபைட் என்று திட்டமிட்டதால், 30-30 என்ற வின்செஸ்டர் துப்பாக்கியின் ஞாபகமாக அந்தப் பெயர். நம்பகம் கூடியது. ஆனால் அன்றைக்குத்தான் அது உள்ளே எட்டிப் பார்க்க முடியாத பொருளாகவும் ஆனது.

* * *

இப்போது கதைக்குள் ஒரு சுவாரஸ்யமான மனுஷர் வருகிறார். ஆலன் ஷுகார்ட். ஐ.பி.எம்.மில் ராமாக் காலத்திலேயே வேலை பார்த்தவர். பிறகு வேறு கம்பெனி, அப்புறம் சொந்தக் கம்பெனி, அங்கிருந்தும் வெளியேற்றம். நடுவில் நண்பர்களோடு சேர்ந்து மதுக்கடை வைத்தார், படகு வாங்கி சால்மன் மீன் பிடித்தார். அவர் 1979-ல் கூட்டாளிகளோடு தொடங்கிய கம்பெனிதான் சீகேட்.

மறு வருஷமே சீகேட் ஒரு டிஸ்க்கை இறக்கியது. கொள்ளளவு 5 மெகாபைட். ஏறக்குறைய ராமாக் அளவுதான்! ஆனால் ஒரு டன் பூதம், ஒரு கனமான புத்தக அளவுக்குச் சுருங்கியிருந்தது. விலை 1,500 டாலர். மாதா மாதம் 3,200 எங்கே, ஒரே தடவை 1,500 எங்கே! 1983-ல் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரில் 10 மெகாபைட் டிஸ்க்கை வைத்தே விற்றது. ஹார்ட் டிஸ்க் நம்ம வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

வந்தது டிஸ்க் மட்டுமா? தலைவலியும் சேர்ந்தே வந்தது. இனிமேல் ஓடி வர ஐ.பி.எம். ஆசாமி கிடையாது. பதிலுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். வாரன்டி!

வாரன்டி என்ன சொல்கிறது? கெட்டுப்போனால் புது டிஸ்க் தருவோம் என்கிறது. சந்தோஷம். உள்ளே இருந்தது? அதைப் பற்றி மூச்சு விடாது. காலி டிஸ்க் வரும். ஓட்டலில் சாம்பாரில் ஈ இருந்தால் வேறு சாம்பார் தருவார்கள். வங்கி லாக்கரில் நகை தொலைந்து, 'கவலைப்படாதீங்க, வேற லாக்கர் தர்றோம்' என்றால் எப்படி இருக்கும்? ஹார்ட் டிஸ்க் வாரன்டி அந்த இரண்டாவது ஜாதி.

அந்த வாரன்டியாவது ஒரே சீராக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2002-ல் பெரிய கம்பெனிகள் மேஜைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகளுக்கு மூன்று வருஷ வாரன்டியை ஒரே வருஷமாகக் குறைத்தன. 2004-ல் சீகேட் 'எங்களுக்கு அஞ்சு வருஷம்' என்று மார்தட்டியது. 2011 கடைசியில் மறுபடி வெட்டு. டிஸ்க் ஒரே வருஷத்தில் மட்டமாகி, அடுத்த வருஷம் உசத்தியாகி, மறுபடி மட்டமாகிவிட்டதா என்ன? வாரன்டி என்பது டிஸ்க்கின் ஜாதகம் அல்ல. வியாபாரத்தின் ஜாதகம்.

* * *

இந்தக் குழப்பத்துக்கு நடுவே, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ். கிப்சன் அப்போது மாணவர். அவர் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1988-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் கேள்வி எளிமையானது. பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி.எம். ஒரு ராட்சச டிஸ்க் விற்கிறது. 7,500 மெகாபைட். விலை பல பத்தாயிரம் டாலர். மேஜைக் கம்ப்யூட்டருக்கு 100 மெகாபைட் சின்ன டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. ராட்சசனுக்குப் பதில் சின்னப் பயல்களைக் கும்பலாகச் சேர்த்து வேலை வாங்கினால் என்ன?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தயாரிப்பாளர்கள் சொன்ன சராசரி ஆயுள், பெரிய டிஸ்க்குக்கும் 30,000 மணி நேரம், சின்னதுக்கும் அதே 30,000 மணி நேரம். மூன்றரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. விலைதான் வேறு, காகிதத்தில் நம்பகம் ஒன்றுதான்!

ஆனால் கும்பலில் ஒரு சிக்கல். நூறு டிஸ்க்கை வைத்தால் நூறில் எது வேண்டுமானாலும் முதலில் விழலாம். 30,000-ஐ நூறால் வகுங்கள். 300 மணி நேரம். இரண்டு வாரம்கூடத் தாங்காது! மலிவு என்று வாங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூவரும் சொன்ன தீர்வு இது. விழத்தான் செய்யும். விழட்டும். விழுந்தால் வேலை நிற்காத மாதிரி முன்கூட்டியே அடுக்கி வையுங்கள். கூடுதலாகச் சில டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் இரண்டு பிரதியாக எழுதலாம். அல்லது, ஒன்று போனால் மற்றவற்றில் இருப்பதைக் கொண்டு போனதைக் கணக்கிட்டு எடுக்கிற மாதிரி எழுதலாம். கெட்டதைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டினால் போதும். இரட்டைப் பிரதி முறையில், அவர்கள் காகிதக் கணக்குப்படி, 300 மணி நேரம் 500 வருஷத்தைத் தாண்டியது! அதே மட்டமான டிஸ்க்குகள்தான். ஒன்றைக்கூட உசத்தி ரகமாக மாற்றவில்லை.

இதற்கு 'ரெய்ட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் இருந்த ஓர் எழுத்துக்கு 'மலிவான' என்று அர்த்தம். பின்னாளில் அந்த வார்த்தை மறைந்து, அதே எழுத்துக்கு 'தனித்தனியான' என்ற அர்த்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. விற்கிறவர்கள் வாயில் 'மலிவு' எப்படி வரும், சொல்லுங்கள்!

* * *

சரி, அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு. நம்மைப் போன்றவர்கள் என்ன செய்தோம்? பெயரை நம்பினோம். ஐ.பி.எம். என்றால் சும்மாவா? ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடித்த கம்பெனி ஆயிற்றே!

2000-ம் வருஷம் ஐ.பி.எம். 'டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி' என்றொரு டிஸ்க்கை விட்டது. 75 ஜிகாபைட் வரை கொள்ளளவு, நல்ல வேகம். பத்திரிகைகள் பாராட்டின. ஜனங்கள் வாங்கினார்கள். கொஞ்ச நாளில் பல வீடுகளில் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு சத்தம். க்ளிக்... க்ளிக்... க்ளிக்... ஹெட் தட்டில் இடம் தேடி, கிடைக்காமல், திரும்பத் திரும்ப முட்டும் சத்தம். அதைக் கேட்டவர்களுக்கு அடுத்து என்ன என்று தெரிந்துபோனது. 'டெஸ்க்ஸ்டார்' என்ற பெயரை 'டெத்ஸ்டார்' ஆக்கிவிட்டார்கள். சாவு நட்சத்திரம்!

2001-ல் வழக்கு. 2005-ல் சமரசம், ஆளுக்கு 100 டாலர் வரை. அதற்குள் ஐ.பி.எம். இந்த வியாபாரமே வேண்டாமென்று கையைக் கழுவியிருந்தது. தான் பெற்ற பிள்ளையை 2002-ல் சுமார் 205 கோடி டாலருக்கு ஜப்பானின் ஹிட்டாச்சிக்கு எழுதிக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது.

'அப்போ அந்தப் பெயரைக் கண்டாலே ஓடணும்' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அந்தப் பிள்ளை மறுபடி வரும், வேறு முகத்தோடு.

* * *

2007 பிப்ரவரி. ராமாக் பிறந்த அதே சான் ஹோசேயில் ஒரு மாநாடு. அதில் இரண்டு கட்டுரைகள் ஹார்ட் டிஸ்க் உலகத்தையே அசைத்தன.

ஒன்று, பியாங்கா ஷ்ரோடரும் நம்ம கார்த் கிப்சனும் எழுதியது. பெர்க்லியில் மாணவராக இருந்தவர் இப்போது பேராசிரியர். பெரிய கம்ப்யூட்டர் மையங்களிலிருந்து சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் வரலாற்றைத் திரட்டியிருந்தார்கள். தயாரிப்பாளர்கள் அப்போது சொன்ன சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம். அடேங்கப்பா! வருஷமாக மாற்றினால் 114 வருஷம். தாத்தா வாங்கினால் பேரன் பேத்தி வரை ஓடும் போலிருக்கிறதே?

அப்படி அல்ல. ஆயிரம் டிஸ்க்கை ஒரு வருஷம் முழுக்க ஓட விட்டால் சுமார் ஒன்பது கெடும் என்பதுதான் அதன் அர்த்தம். அதாவது 0.88 சதவிகிதம். ஷ்ரோடரும் கிப்சனும் நிஜத்தில் பார்த்தது என்ன? வருஷத்துக்கு 2 முதல் 4 சதவிகிதம் டிஸ்க்குகளை மாற்றுவது சர்வ சாதாரணம். சில இடங்களில் 13 சதவிகிதம் வரை.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பெரிய சர்வர்களுக்கென்று கூட விலையில் விற்ற ரகத்தையும், சாதாரண மலிவு ரகத்தையும் ஒப்பிட்டார்கள். மாற்ற வேண்டிவந்த விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. வேகத்துக்கும் வேறு வசதிகளுக்கும் கொடுத்த காசு வீணில்லை. ஆனால் 'கெடவே கெடாது' என்று நினைத்துக் கொடுத்த காசு?

இன்னொரு கட்டுரை கூகுள் ஆட்கள் எழுதியது. அவர்கள் கையிலும் லட்சத்துக்கு மேல் டிஸ்க். சாதாரண ரகம்தான். முதல் வருஷத்தில் கெட்டது 1.7 சதவிகிதம். மூன்று வயதானவற்றில் 8.6 சதவிகிதத்துக்கும் மேல். 'சாகப் போறேன்' என்று டிஸ்க் முன்கூட்டியே அறிகுறி காட்டுமா என்றும் பார்த்தார்கள். ஒரு ஸ்கேன் பிழை தெரிந்துவிட்டால் அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. நல்ல அறிகுறிதான். ஆனால் கெட்டவற்றில் பாதிக்கு மேல், 56 சதவிகிதம், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. நேற்று ராத்திரி வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் காலையில் எழுந்திருக்காத கதைதான்.

* * *

அடுத்து வந்தது வெள்ளம்.

2011-ல் தாய்லாந்தில் பெருமழை. அயுத்தயா பக்கம் இருந்த தொழிற்பேட்டைகள் மூழ்கின. வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலைக்குள் ஆளுயரத் தண்ணீர். முக்குளிப்பவர்களை இறக்கி இயந்திரங்களை வெளியே எடுத்தார்கள். டிஸ்க்கின் மோட்டார் செய்கிற தொழிற்சாலைகளும் தப்பவில்லை. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை சில வாரங்களில் இரண்டு மடங்கு, சில ரகங்களுக்கு அதற்கும் மேல்.

கலிஃபோர்னியாவில் பேக்பிளேஸ் என்றொரு கம்பெனி. ஜனங்களின் ஃபைல்களுக்கு நகல் எடுத்துப் பாதுகாப்பதுதான் தொழில். அப்போது மாதக் கட்டணம் வெறும் 5 டாலர். டிஸ்க் விலை இப்படி ஏறினால் கடையைச் சாத்த வேண்டியதுதான். என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியே வைத்துக் கேபிளில் இணைக்கும் டிஸ்க்குகள் சூப்பர் மார்க்கெட்டுகளில் இன்னமும் மலிவாகக் கிடைத்தன. ஆனால் ஆளுக்கு இரண்டுதான் தருவார்கள். ஊழியர்கள், நண்பர்கள், உறவுக்காரர்கள் என்று படையே கிளம்பியது. ரேஷன் கடையில் வீட்டிலுள்ள எல்லோரையும் வரிசையில் நிறுத்துகிற மாதிரி! வாங்கி வந்து, உறையை உடைத்து, உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து மாட்டினார்கள்.

இவர்கள் செய்த இன்னொரு புண்ணியம், எந்த ரகம் எத்தனை கெட்டது என்று மாடல் வாரியாக ஊருக்கே சொன்னார்கள். அதில் வெளிவந்த சங்கதிகளைக் கேளுங்கள்.

சீகேட்டின் 3 டெராபைட் மாடல் ஒன்று. 2012-ல் மாட்டியவற்றில், 2015 மார்ச் கடைசியில் வேலையில் இருந்தவை பத்தில் ஒரு பங்குதான். பயங்கரம்! உடனே 'சீகேட்டே வேண்டாம்' என்று முடிவு கட்டலாமா? அதே சீகேட்டின் 4 டெராபைட் மாடல் அதே இடத்தில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு உபயோகத்துக்கான டிஸ்க்கை ராப்பகலாக ஓட்டினால் எப்படி என்று பேக்பிளேஸைக் கேட்டவர்களும் உண்டு.

2014-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் மிகவும் நம்பகமானது என்று பெயர் வாங்கியது எது? ஹிட்டாச்சி! ஆமாம், ஐ.பி.எம். விற்றுத் தலைமுழுகிய அதே குடும்பம். சில மாடல்களின் பெயரே டெஸ்க்ஸ்டார்தான்! சாவு நட்சத்திரம், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் துருவ நட்சத்திரம் ஆகிவிட்டது.

ஆக, கம்பெனி பெயர் உத்தரவாதம் இல்லை. கெட்ட பெயரும் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு மாடலும் தனி ஜாதகம். அது நல்லதா கெட்டதா என்று உறுதியாகத் தெரிய மூன்று, நான்கு வருஷம் ஆகும். தெரிகிற நேரத்தில் அந்த மாடல் கடையில் இருக்காது!

* * *

இப்போது இந்தக் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஹிட்டாச்சிதான் சிறந்தது என்று கண்டுபிடித்த பேக்பிளேஸ், பிறகு ஹிட்டாச்சியைத்தானே வாங்கிக் குவித்திருக்க வேண்டும்? இல்லை. விலை சரியாக அமைந்தால் அதை மட்டுமே வாங்குவோம் என்றார்கள். ஆனால் வாங்கியது விலை கம்மியான சீகேட் 4 டெராபைட்!

அவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களிடம் எல்லாமே பல டிஸ்க்குகளில் பரவி இருக்கிறது. ஒன்று செத்தால் கழற்றி, வேறு மாட்டி, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு டிஸ்க்கின் விலையும் கொஞ்ச நேரமும்தான் நஷ்டம். நூறில் நான்கு விழுகிற ரகத்துக்கும் இரண்டு விழுகிற ரகத்துக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால், நான்கு விழுகிறதே அவர்களுக்கு லாபம்.

உங்களுக்கு அப்படியா? உங்களிடம் இருப்பது ஒன்று. அவர்களுக்கு டிஸ்க் சாவது ஒரு செலவு. உங்களுக்கு அது ஓர் இழப்பு. ஒரே பொருள், ஒரே விலை, ஒரே சதவிகிதம். ஆனால் தராசு வேறு. நூறில் இரண்டு என்பது ஆயிரம் டிஸ்க் வைத்திருப்பவருக்குக் கணக்கு. ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு? இருக்கிறது, அல்லது போச்சு. நடுவில் சதவிகிதமே கிடையாது.

அதனால் 'எந்த டிஸ்க் சார் நல்லது?' என்ற கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போடுவோம். ஒரு டிஸ்க் வருஷத்துக்கு 3 சதவிகிதம் கெடுகிறது என்று வையுங்கள். இரட்டிப்பு விலை கொடுத்து, வெகு அதிர்ஷ்டம் இருந்து, 1.5 சதவிகித ரகம் கிடைத்தால், உங்கள் ஆபத்து பாதியாகும். அதே காசுக்கு 3 சதவிகித ரகத்திலேயே இரண்டு வாங்கி, இரண்டிலும் நகல் வைத்தால்? இரண்டும் ஒரே வருஷத்தில் போக, நூறில் மூன்றில் மூன்று. பத்தாயிரத்தில் ஒன்பது! ஒன்று கெட்ட கையோடு புதிது வாங்கி நகல் எடுத்துவிட்டால் அதைவிடவும் குறைவு. பெர்க்லிக்காரர்கள் 1988-ல் சொன்னது இதைத்தான். இதற்கு முப்பது வருஷம் கழித்து ரிச்சி தெருவில் நிற்கும்போதும் அந்தக் கணக்கு மாறவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டும் ஒரே காரணத்தால் சாகக் கூடாது. ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடலில் இரண்டு வாங்கினால், ஒன்றுக்கு வந்த வியாதி மற்றதுக்கும் வரலாம். வேறு வேறு மாடலாகப் பாருங்கள். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் எப்போதும் மாட்டி வைத்தால் மின்னல் வந்தால் இரண்டும் போகும். ஒரே பீரோவில் வைத்தால் திருடன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போவான். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் நகல் எடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வாருங்கள். உறவும் பிழைக்கும், ஃபைலும் பிழைக்கும்.

ரெய்ட் முறையில் இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி வாங்கிவிட்டேனே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கை தவறி ஒரு ஃபைலை அழித்தால், அது சமர்த்தாக இரண்டிலும் சேர்த்தே அழிக்கும். அது டிஸ்க் சாவுக்குத்தான் மருந்து, கை தவறுக்கு அல்ல.

'இப்பதான் எஸ்.எஸ்.டி. வந்துடுச்சே, தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை' என்பீர்கள். உண்மை. கீழே விழுந்தாலும் சமாளிக்கும். ஆனால் அதுவும் சாகும். க்ளிக் சத்தம்கூடப் போடாமல் சாகும். கணக்கு அதேதான்.

சரித்திரத்தில் ஹார்ட் டிஸ்க் செய்யக் கிளம்பிய கம்பெனிகள் இருநூறுக்கும் மேல். இன்று மிஞ்சியவை மூன்று: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. செங்கல் அனுப்பிய மினிஸ்க்ரைப்பை மாக்ஸ்டர் விழுங்கியது. மாக்ஸ்டரை 2006-ல் சீகேட் விழுங்கியது. ஹிட்டாச்சியின் டிஸ்க் பிரிவு 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. கம்பெனிகளே இத்தனை வேகமாக மறைகிறபோது, அவை செய்த பெட்டி ஒன்று சாஸ்வதமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதம் எடுங்கள். உங்கள் டிஸ்க் இந்த நிமிஷம் நின்றுபோனால் திரும்பக் கிடைக்காதவை எவை என்று எழுதுங்கள். சினிமாக்கள் வேண்டாம், அவை எங்கேயும் கிடைக்கும். கிடைக்காததை மட்டும். பத்து வரிகூட வராது. பெரும்பாலும் அவை ஒரு சின்ன டிஸ்க்கில் அடங்கிவிடும். முதலில் அதை வாங்குங்கள். கடைக்காரர் 'எந்த மேக் சார் வேணும்?' என்று கேட்பார். 'ஏற்கெனவே வீட்டில் இருப்பதைத் தவிர எது வேண்டுமானாலும்' என்று சொல்லுங்கள்.